பதினேழு படி

இந்த மேசை ஆடுகிறது, சார். வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், வலது முன்காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறீர்கள். அட்டை ஒரு மாதம் தாங்கும், அப்புறம் நசுங்கிவிடும். காலில் குறையில்லை. மேல் சட்டத்தில் இணைப்பு விட்டிருக்கிறது. ஒரு ஆப்பு இறக்கினால் போதும், பத்து நிமிட வேலை. என் கையில் உளியைக் கொடுக்க மாட்டீர்கள், தெரியும். வேறு யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் சேவுகப்பெருமாள். சொந்த ஊர் சிங்கம்புணரி. வயது ஐம்பத்திரண்டு. புதுவயலில் இரண்டு அரிசி மில்லுக்கு நடுவே ஷெட் போட்டு, பழைய வீட்டுச் சாமான்களில் மேசை நாற்காலி செய்கிறேன். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் எங்கே வீடு இடிக்கிறார்கள் என்றாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்த வீடுகளும் அப்படித்தான். கதவு சாப்பாட்டு மேசையாகும். ஜன்னல் சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி போய் உட்காரும். உத்திரத்தை அறுத்தால் நாலு பெஞ்சு. உடைந்த பூப்போட்ட தரைக்கல்லைக்கூட விடமாட்டேன், டீப்பாய்மேல் பதித்துவிடுவேன். கூரையில் கிடந்த மரத்தில் ஒரு ஏணி செய்து வைத்திருக்கிறேன், பதினைந்தடி. இரும்பு ஏணி அதனிடம் தோற்றுவிடும். என் ஷெட்டில் குப்பை என்று ஒன்று கிடையாது.

தொழிலில் எனக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஆள் புழங்கித் தேய்ந்த இடத்தை இழைக்க மாட்டேன். படிக்கட்டுப் பலகையில் நூறு வருஷம் கால் பட்டு நடுவில் லேசாகக் குழி விழுந்திருக்கும். அரைகுறை ஆசாரிகள் அதை இழைத்து மொழுக்கென்று ஆக்கிவிடுவார்கள். அந்தக் குழிக்காகத்தானே வாங்குகிறவர்கள் அலைகிறார்கள், அதைப் போய்ச் சீவி எறிவார்களா. இன்னொன்று, எதைக் கழற்றினாலும் கீழே வைக்கும் முன் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவிடுவேன். எந்த வீடு, என்ன பொருள், எத்தனையாவது, என்ன தேதி. இருபத்தாறு வருஷப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பி ஒரு பலகையைக் கையில் கொடுத்தாலும் முதலில் சாக்பீஸைத்தான் தேடுவேன். அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. அதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அழகுசுந்தரம் அய்யா விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டுக்கு மெ.ராம. வீடு என்று பெயர். வீடு ஒன்று, உரிமை ஏழு பேருக்கு. அவர்கள் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. எந்த அறை யாருக்கு, எந்தக் கதவு யாருக்கு என்று அந்தக் காலத்துப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நடு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு, கிணறு, மாடிப்படி இதெல்லாம் பொது. வீட்டை இடிக்க வேண்டுமென்றால் ஏழு கையெழுத்தும் வேண்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருக்கிற ஆறு பேர் போட்டுவிட்டார்கள். போடாத ஏழாமவர் அய்யா.

பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. மனைவி இறந்து பல வருஷமாகிறது. ஒரே மகள் தேனம்மை, பெங்களூரில் வேலை. அவர் பங்குக்கு வந்தது மாடியில் உள்முற்றத்தைப் பார்த்த ஒற்றை அறை. நாற்பத்தெட்டு தூண் நிற்கிற வீட்டில் ஒரு மனிதர், ஒரு கட்டில், ஒரு தண்ணீர்ப் பானை. மழை பெய்தால் பத்து இடத்தில் ஒழுகும். கரையான் ஒருபக்கம் தின்றுகொண்டிருந்தது. அந்தத் தேக்கு என்ன பாவம் செய்தது, சொல்லுங்கள். நானும் தன்மையாகத்தான் பேசினேன். பதினோரு தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்து, "யோசிக்கலாம்ப்பா" என்று அனுப்பிவிடுவார். அவர் யோசிக்கவே இல்லை.

பன்னிரண்டாம் தடவை ஒரு நாற்காலி கொண்டுபோனேன். அவருடைய பெரியப்பா வீட்டை முந்தின வருஷம் இடித்தபோது வந்த வாசற்கதவில் செய்தது. கை வைக்கும் இடத்தில் கதவின் பழைய குமிழை அப்படியே விட்டிருந்தேன். மூன்று வாரம் நானே உட்கார்ந்து செய்தேன், வேறு யார் கையையும் பட விடவில்லை. அன்று சென்னையிலிருந்து சந்திரலேகா அம்மா வந்திருந்தார்கள். ஓட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறவர்கள், என்னிடம் நிறைய வாங்குகிறவர்கள். வீட்டைப் பார்க்க வேண்டும் என்றதால் கூட அழைத்துப் போயிருந்தேன்.

அய்யா நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். குமிழைத் தடவினார். "எங்க பெரியப்பச்சி வீட்டுக் கதவா இது" என்றார். ஆமாம் என்றேன், பெருமையாகத்தான். உட்காரச் சொன்னேன். அவர் கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நீ தச்சன் இல்ல, சேவுகா. பொணத்து மேல கெடக்குற துணிய உருவுறவன். நீ செஞ்ச எதுலயும் என் கையும் காலும் படாது. தூக்கிட்டுப் போ."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, வெற்றிலை மடிப்பது மாதிரி நிதானமாகச் சொன்னார். சந்திரலேகா அம்மா சிரித்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, சங்கடத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கோபம் வரவில்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்து வந்தேன். அது இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது. இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. எத்தனையோ பேர் கேட்டார்கள், விற்கவில்லை. தினமும் காலையில் தூசி தட்டுவேன்.

இந்தப் பங்குனியில் மற்ற ஆறு பேரும் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். சுவரை இடிக்கக் கூடாது, அவரவர் பங்கில் இருக்கும் மரச் சாமானை மட்டும் கழற்றிக்கொள்ளலாம் என்று. நான் பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். அவருக்கு உரியது எதிலும் கை வைத்ததில்லை. அவர் அறைக் கதவு, ஜன்னல், கட்டில், ஒரு கொண்டியைக்கூடத் தொடவில்லை. மாடிப்படியின் கைப்பிடி மூன்றாம் புள்ளி தன் செலவில் போட்டது என்று எழுதியிருந்தது, அதை முதல் வாரமே எடுத்தேன். மாடிக்குக் கரண்டு வயர் ஓடிய மரச்சட்டம் ஐந்தாம் புள்ளி அறை வழியாகப் போனது, அதையும் வயரோடு எடுத்தேன். அதற்குப் பிறகு அவருக்கு மாடியில் கரண்டு இல்லை. போனை வளவில் சார்ஜ் போட்டுவிட்டு மேலே போவார். அது அவர் சௌகரியம்.

தினமும் காலையில் படி இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "இன்னிக்கு எதக் கழட்டப் போறீக" என்று கேட்பார். என்னை நீ, வா, போ என்றவர் இப்போது மரியாதை கொடுக்க ஆரம்பித்திருந்தார். என் ஆட்கள் எல்லாம் வாய்க்குள் சிரிப்பார்கள். வீட்டைச் சுற்றிலும் வெறும் ஓட்டை ஓட்டையாக ஆக்கிவிட்டேன், அவர் வாய் மட்டும் குறையவில்லை. அடியும் பட்டுப் புளித்த மாங்காயும் தின்றவன் நிலைமை எனக்கு.

மிச்சம் இருந்தது மாடிப்படி. பதினேழு படி. ஒரு ஆணி கிடையாது, சார். இரண்டு பக்கச் சட்டத்திலும் பள்ளம் வெட்டி, பலகையைச் செருகி, அடியிலிருந்து ஆப்பு வைத்து இறுக்கியது. ஆப்பைத் தட்டிவிட்டால் பலகை கையோடு வந்துவிடும், திரும்ப வேண்டுமென்றால் அதே மாதிரி மாட்டிவிடலாம். பொதுச் சொத்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழில் ஆறு பேர் சம்மதம் என்னிடம் இருந்தது. பதினேழை ஏழால் வகுத்துப் பாருங்கள், அவர் பங்கு இரண்டரைப் படிகூட வராது.

வைகாசியில் எங்கள் ஊர்த் தேர். என் ஆட்கள் எல்லோரும் சிங்கம்புணரிப் பக்கம், அவர்களுக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தேன். அய்யாவுக்குச் சமைத்துப் போடுகிற பொன்னுத்தாயியும் அந்தப் பக்கம்தான். தேர் பார்க்க ஆசையாக இருக்கும், பாவம், எங்கே கேட்டால் விடமாட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தாள். நானே அவரிடம் சொல்லி, ஆட்களோடு லாரியில் ஏற்றி அனுப்பினேன். அது ஒரு நல்ல காரியம் என்றுதான் செய்தேன். இரண்டு பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கிறவை, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மட்டும் ஆள் வரும்.

வைகாசி ஒன்பது. மதியம் சாப்பிட்டுவிட்டு, காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் மாடியில் படுத்திருந்தார். தினமும் அப்படித்தான், நாலு மணிவரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். நான் அடியில் உட்கார்ந்து முதல் ஆப்பைத் தட்டினேன். பலகை வழுக்கிக்கொண்டு வந்தது. சாக்பீஸை எடுத்து, மெ.ராம. வீடு, படி 1, வைகாசி 9 என்று எழுதிச் சுவரோரம் சாத்தினேன். இரண்டு மணி நேரத்தில் பதினேழும் வந்துவிட்டன. நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது. ஷெட்டிலிருந்து சின்ன வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு, முன்கதவைப் பூட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் போனபோது மேலே, படி இருந்த ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"சேவுகா, படி எங்க?"

"கழட்டியாச்சுங்கய்யா."

"நான் மேல இருக்கேன்ல."

"தெரியும்ங்கய்யா."

ராத்திரி முழுக்கக் கத்தியிருப்பார் போல, தொண்டை கட்டியிருந்தது. பிறகு, மேனேஜராக இருந்தவர் அல்லவா, கணக்காகப் பேசினார். வீட்டை இடிக்கிற பத்திரத்தைக் கொண்டா, கையெழுத்தைப் போட்டுத் தொலைக்கிறேன் என்றார். துண்டை இறக்கினார், அதன் நுனியில் தாளையும் பேனாவையும் கட்டினேன். மேலே இழுத்து, தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு அனுப்பினார். பேங்க் கையெழுத்து. ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. என் பெட்டியில் நீங்கள் எடுத்தது அந்தத் தாள்தான். இரண்டு வருஷமாக நான் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது. கையில் வாங்கும்போது இன்னும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"படிய மாட்டு" என்றார்.

"இழைச்சுட்டேன்ங்கய்யா. இழைச்ச பலகை பழைய பள்ளத்துல உக்காராது."

அது தொழில் தெரிந்த எவரும் சொல்வதுதான். தண்ணீர் கேட்டார். ஒரு பாட்டிலைத் துண்டில் கட்டிவிட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. மறுநாளும் ஒரு பாட்டில் கொடுத்தேன். கத்திரி வெயிலில் அந்த மாடி அடுப்பு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

மூன்றாம் நாள் சாயங்காலம் தேனம்மை எனக்குப் போன் செய்தது. அய்யாவின் போன் வளவில் சார்ஜிலேயே கிடந்தது, நான் அதைத் தொடவில்லை. அது அடித்து அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்து என் போன் அடித்தது.

"அண்ணே, அப்பச்சி ரெண்டு நாளா போனே எடுக்கல. பொன்னுத்தாயியும் ஊருக்குப் போயிட்டாகளாமே. நீங்க அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்றீகளா?"

"இங்கனதான் இருக்கேன் ஆச்சி. இப்பத்தான் பாத்தேன், நல்லா இருக்காக. சாப்புட்டுப் படுத்துட்டாக. காது மிஷின் ரிப்பேருன்னாக, அதான் போன் சத்தம் கேக்கல போல."

அந்தப் பிள்ளை எனக்கு நன்றி சொன்னது. நீங்க பக்கத்துல இருக்கிறது எங்களுக்குப் பெரிய தைரியம் அண்ணே என்றது. நான் பேசியது மேலே கேட்டிருக்கும். காது மிஷினை மாட்டிக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்த பிறகு அவர் கத்தவில்லை, திட்டவும் இல்லை. "என் மேல அப்படி என்னப்பா கோபம்" என்று மட்டும் கேட்டார். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

நாலாம் நாள் நான் போகவில்லை. ஷெட்டில் வேலை இருந்தது. ஐந்தாம் நாள், வைகாசி பதின்மூன்று, காலையில் போய்ப் பார்த்தால் அவர் கீழே கிடந்தார். தலை கிணற்றடிப் பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு ஏணி கிடந்தது.

இதை நீங்கள் கவனமாக எழுத வேண்டும், சார். அவர் தன் கட்டிலைக் கழற்றியிருந்தார். கட்டில் சட்டம் இரண்டையும் நீளவாக்கில் வைத்துக் கட்டி, தலைமாட்டுக் கம்புகளைக் குறுக்கே போட்டு, வேட்டியைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தார். வீட்டில் ஒரு குச்சியைக் கழற்ற விடமாட்டேன் என்றவர். கம்புகள் நல்ல கம்புகள். முடிச்சுத்தான் தப்பு. குறுக்குக் கட்டுப் போட வேண்டிய இடத்தில் வெறும் சுற்றுக் கட்டாகப் போட்டிருந்தார், மூன்றாவது கம்பில் கால் வைத்ததும் வழுக்கியிருக்கிறது. பழைய சாமானில் ஒரு பொருள் செய்வது அவ்வளவு லேசு இல்லை என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். உடம்பு சில்லிட்டிருந்தது. கண்ணை மூடிவிட்டேன்.

ஷெட்டுக்குப் போய்ப் படிகளைக் கொண்டுவந்து மாட்டினேன். பதினேழும் பிசகாமல் பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. ஏன் உட்காரா, அந்தக் குழியை நான் இழைப்பவனா. பிறகு அதில் ஏறி மாடிக்குப் போய், கிழிந்த வேட்டியை எல்லாம் பொறுக்கி எடுத்தேன். அவர் கட்டிய ஏணியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். எரித்திருக்கலாம். வீணாக்க மனம் வரவில்லை, கட்டில் சட்டம் பர்மாத் தேக்கு. அப்புறம் உங்கள் ஸ்டேஷனுக்கு நானே போன் செய்தேன். வயசானவர், படியில் தவறி விழுந்திருக்கிறார், கைப்பிடி இல்லாத படி என்று சொன்னேன். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். கைப்பிடியைக் கழற்றியதற்காக என்னை இரண்டு வார்த்தை திட்டினீர்கள், அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

காரியம் முடிந்து தேனம்மை வீட்டைப் பூட்டும் முன், அப்பாவின் செருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறது. அவர் படிக்கு அடியில்தான் கழற்றிப் போடுவார். குனிந்து உள்ளே போன பிள்ளை நிமிர்ந்து பார்த்திருக்கிறது. தலைக்குமேல் வரிசையாகப் பதினேழு பலகை, பதினேழிலும் என் கையெழுத்து. படி 1, வைகாசி 9. படி 2, வைகாசி 9. அப்பா விழுந்ததோ பதின்மூன்று. பத்தாம் தேதி தொடங்கி அவர் போன் எடுக்கவில்லை, பதினொன்றாம் தேதி இப்போதுதான் பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கிறேன். படித்த பிள்ளை, ஒன்றொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்திருந்தால் போயிற்று. அது எனக்குத் தோன்றவே இல்லை. மாட்டிய பலகையில் எழுத்து இருப்பது எனக்கு முகத்தில் மூக்கு இருப்பது மாதிரி.

சற்றுமுன் நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. மேல்படிகளைக் கழற்ற எதில் ஏறினாய் என்று. என் ஏணியில்தான். ஐந்து நாளும் அது வளவுச் சுவரில் சாத்தியே இருந்தது. மேலிருந்து குனிந்தால் நன்றாகத் தெரியும். அவர் இரண்டாம் நாளே அதைக் கேட்டார். கையெழுத்துப் போட்டு, படி உட்காராது என்று நான் சொன்ன பிறகு, "அந்த ஏணியவாச்சும் வைப்பா" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. போய் ஏணியைத் தூக்கினேன், பாதி தூரம் கொண்டும் வந்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது.

"இதும் நான் செஞ்சதுங்கய்யா" என்றேன்.

திரும்பக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது, அதற்குப் பிறகு அந்த ஏணியைக் கேட்கவில்லை.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். நான் செய்த எதிலும் தன் கையும் காலும் படாது என்று சொன்னவர் அவர். கஷ்டம் வந்ததும் அவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை, அவ்வளவுதான்.